செவ்வாய்க்கிழமை ஜோடி

ஹாரன் அக்கா என்ற பெயர் அவளுக்குச் சட்டசபைக்குப் போனபிறகு வந்தது என்று பலபேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லவே இல்லை. டாக்ஸி ஸ்டாண்டில் போன் எடுக்கிற வேலையில் இருந்தபோதே ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஸ்டாண்டு மூலையில் ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்க முடியாத ஒரு அறை. உள்ளே ஒரு மேஜை, ஒரு போன், ஒரு ஜன்னல். சவாரி வந்தால் மைக்கில் சொல்ல வேண்டும். மைக் பாதி நாள் வேலை செய்யாது. அதனால் என்ன குறைந்துபோயிற்று? அக்கா ஜன்னலைத் தள்ளித் திறந்து ஒரு குரல் விட்டால் கடைசி வண்டியில் வாயைப் பிளந்து தூங்குகிறவன்கூட வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்திருப்பான்.

அந்தக் குரலை நம்பித்தான் கட்சி அவளைத் தேர்தலில் நிறுத்தியது. ஸ்டாண்டு டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டார்கள். அவளும் அவர்களுக்கு ஒரே ஒரு வாக்குத்தான் கொடுத்தாள். "ரோடு போடுவேன், பாலம் கட்டுவேன்னு புருடா விடமாட்டேன். பெட்ரோல் விலையை ஏத்துறோம்னு எவன் மசோதா கொண்டுவந்தாலும் எதிர்த்து ஓட்டுப் போடுவேன். செத்தாலும் போடுவேன்!"

செத்தாலும் என்றது கொஞ்சம் அதிகம்தான். மேடை ஏறினால் யாருக்குத்தான் வாய் நீளாது? ஆனால் சொன்னாள். நானூறு பேர் கேட்டார்கள். கை தட்டினார்கள். ஜெயித்தாள்.

அவள் வீட்டுக்காரர் அதே ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டுகிறவர். பெண்டாட்டி உறுப்பினரானபிறகும் ஓட்டுகிறார். "அவ அஞ்சு வருஷத்துல திரும்பி வந்துடுவா. வண்டியை வித்துட்டா நாளைக்குச் சோத்துக்கு எங்க போறது?" என்பார். மனுஷன் பேசுவதே கொஞ்சம். வீட்டில் பேச்சில் முக்கால்வாசி அவளுடையது, மிச்சம் டிவியினுடையது. அவருடைய பங்கு ஒரு "ம்". அந்த "ம்"மிலேயே சரி, இல்லை, பசிக்கிறது, நீ செய்வது நியாயமில்லை என்று நாலுவிதம் வைத்திருந்தார். அவளுக்கு நாலும் புரியும்.

இனி சம்பந்தி. அவர்தான் இந்தக் கதைக்கே வினை.

அக்காவின் மகள் போயும் போயும் ஆளும் கட்சி உறுப்பினர் ஒருவரின் மகனைக் காதலித்தாள். கட்சிக்குக் கட்சி சேராவிட்டால் என்ன, பிள்ளைக்குப் பிள்ளை சேர்ந்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா மாட்டு டாக்டர். ஊரில் அவரை அப்படித்தான் சொல்வார்கள், அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல், எந்நேரமும் சட்டைப் பையில் ரெண்டு பேனா. சபையில் அக்கா எழுந்து முழங்கினால், "மாண்புமிகு உறுப்பினர் ஒலிபெருக்கி இல்லாமலே பேசுவதால் அரசுக்கு மின்சாரம் மிச்சம்" என்பார். சபை சிரிக்கும். அக்கா சும்மா விடுவாளா? "மாண்புமிகு டாக்டர் பேசினால் மாடுகூடத் தூங்கிவிடும், ஊசியே வேண்டாம்" என்பாள். சபை இன்னும் பலமாகச் சிரிக்கும். சாயங்காலம் பார்த்தால் ரெண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பேத்தியை நடுவில் வைத்துக்கொண்டு, பாப்பாவுக்கு மூக்கு யார் மூக்கு என்று அடித்துக்கொண்டிருப்பார்கள்.

பெட்ரோல் விஷயத்தில் மட்டும் சிரிப்பு நின்றுவிடும். டாக்டருக்கு அது இருபது வருஷத்து ஆசை. லிட்டருக்கு ஒரு வரி போட வேண்டும், அந்தப் பணத்தில் பஸ் விட வேண்டும். "நான் வைத்தியம் பார்த்த ஊர்ல எல்லாம் பஸ் கிடையாது சம்பந்தியம்மா. சீக்கு வந்த ஆட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தே வருவாங்க பொம்பளைங்க. பாதி ஆடு வழியிலேயே செத்திரும். கார் வச்சிருக்கிறவன் கொஞ்சம் கூடக் குடுத்தா, கார் இல்லாதவளுக்கு ஒரு பஸ் வரும்" என்பார்.

"டாக்ஸிக்காரன்கிட்ட கார் இருக்கு டாக்டர், காசு இல்ல!" என்பாள் அக்கா. "பணக்காரன் பெட்ரோல் விலை ஏறினதைப் பேப்பர்ல படிச்சுத் தெரிஞ்சுக்குவான். எங்க வீட்டுக்காரருக்கு அன்னிக்குச் சாயங்காலமே பையில தெரிஞ்சிடும்."

ரெண்டு பேர் சொல்வதும் நியாயம்தானே என்று கேட்டால் நான் என்ன செய்ய? நியாயம் ஒரு பக்கமாகவே இருந்தால் சபை எதற்கு, நாற்காலி எதற்கு?

சபையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஜோடி போடுவது என்பார்கள். ஒரு பக்கத்து உறுப்பினர் நோய்நொடி, சாவு, பிரசவம் என்று வர முடியாமல் போனால், எதிர்ப்பக்கத்தில் ஒருவரைப் பிடித்து, "அன்றைக்கு நீங்களும் வராதீர்கள்" என்று கேட்பார். அவர் சரி என்றால் கை கொடுத்துக்கொள்வார்கள். அங்கே ஒரு ஓட்டுக் குறைந்தால் இங்கேயும் ஒன்று குறையும், கணக்கு நேராகிவிடும். எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. ரெண்டு கட்சிக் கொறடாக்களும் தலையை ஆட்டினால் போதும். ஜோடி போடுவது நாளுக்கு, மசோதாவுக்கு அல்ல. அன்றைக்கு எந்த மசோதா வந்தாலும் வராமல் இருக்க வேண்டும். கேட்டவரே மனமிரங்கி, "பரவாயில்லை, போய்வாருங்கள்" என்று விட்டால் ஒழிய மீறக் கூடாது. சபையில் எத்தனையோ அயோக்கியத்தனம் நடந்திருக்கிறது. ஜோடியை மட்டும் யாரும் முறித்ததில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டருக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை என்று முடிவாயிற்று. ஒரு வாரத்துக்கு எழுந்திருக்கக் கூடாது. ஸ்டிரெச்சரில் படுத்தபடியே அவர் அக்காவின் கையைப் பிடித்தார். "செவ்வாய்க்கிழமை சபை இருக்கு சம்பந்தியம்மா. ஜோடி போடுறீங்களா?"

செவ்வாய்க்கிழமை என்ன மசோதா? நாய் வளர்க்கிறவர்கள் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்கிற மசோதா. பெட்ரோல் மசோதா அடுத்த வாரம். "நாய்க்காகவா நான் உங்களை விட்டுட்டுப் போகப் போறேன்? கையைக் குடுங்க" என்று கொடுத்தாள். அவள் கட்சிக் கொறடாவும் போனிலேயே தலையை ஆட்டிவிட்டார். நாய் மசோதாதானே!

ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பது இதுதான்.

திங்கட்கிழமை மத்தியானம் ஆளும் கட்சி சத்தமில்லாமல் நிகழ்ச்சி நிரலை மாற்றியது. நாய் பின்னால் போயிற்று. பெட்ரோல் செவ்வாய்க்கிழமைக்கு வந்து உட்கார்ந்தது.

கணக்கு ரொம்பச் சுலபம். ஆளும் கட்சிக்கு ஐம்பத்தொரு பேர், எதிர்க்கட்சிக்கு ஐம்பது. டாக்டர் படுத்துவிட்டதால் ஐம்பதுக்கு ஐம்பது. சரிசமமாக விழுந்தால் மசோதா தோற்றது என்பது சபை விதி. அக்கா போனால் பெட்ரோல் விலை ஏறாது. கொடுத்த கைக்காக வீட்டில் உட்கார்ந்தால் ஒரே ஒரு ஓட்டில் ஏறிவிடும். அந்த ஒரு ஓட்டு யாருடையது என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும்.

கட்சித் தலைவர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு, "அவங்க பண்ணினது பச்சைத் துரோகம். மசோதா வர்ற நாளை மாத்தினவங்களுக்கு என்ன ஜோடி, என்ன வாக்கு? நீங்க வந்து ஓட்டுப் போடுங்க" என்றார்.

"நாளுக்குத்தானே தலைவரே ஜோடி? மசோதாவுக்கு இல்லையே."

"அது பழங்காலத்து ரூல்."

"போன மாசம் உங்க தங்கச்சிக்குப் பிரசவம்னு நீங்க ஜோடி போட்டீங்களே, அது எந்தக் காலம்?"

தலைவர் தண்ணீர் குடித்தார். பிறகு குரலை இறக்கினார். "அம்மா, உங்க ஸ்டாண்டு ஆளுங்க நாளைக்குச் சபை வாசல்ல நிக்கப் போறாங்க. அவங்க முகத்துல எப்படி முழிப்பீங்க? அதை மட்டும் யோசிங்க."

அதைத்தான் அவள் மத்தியானத்திலிருந்து யோசித்துக்கொண்டிருந்தாள். கூடவே இன்னொன்றும் மனசுக்குள் புழுப்போல நெளிந்தது. டாக்டருக்கு இது முன்னாடியே தெரியுமா? ஸ்டிரெச்சரில் படுத்துக்கொண்டே கையைப் பிடித்தாரே, அது நெஞ்சு வலியா, இல்லை கட்சி வேலையா? சீ, அப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் புழு போகவில்லை.

வீட்டுக்கு வந்தால் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஸ்டாண்டுக்குத் தெரியாத சேதி சபைக்குள்ளேயே கிடையாது.

"நாளைக்கு எல்லாரும் வண்டியை நிறுத்திட்டுப் போறோம்" என்றார்.

"நீங்களுமா?"

"பெட்ரோல் நான்தானே போடுறேன்."

"நான் என்னங்க செய்யட்டும்?"

அவர் "ம்" என்றார். நாலு "ம்"மிலும் சேராத ஐந்தாவது "ம்" அது. இத்தனை வருஷத்தில் அவள் கேட்டதே இல்லை. எரிச்சல் வந்தது. "வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா முத்தா உதிர்ந்திடும்?" என்று தட்டைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போனாள். அவர் இன்னும் சாப்பிட்டு முடித்திருக்கவில்லை.

படுத்தபோது வழி தெரிந்தது. ஏன் தெரியாமல் போயிற்று இவ்வளவு நேரம்! டாக்டரிடமே போய்க் கேட்பது. "என்னை விட்டுடுங்க சம்பந்தி" என்று ஒரு வார்த்தை. அவர் விட்டால் போய் எதிர்த்து ஓட்டுப் போடலாம். வாக்கும் போகாது, ஸ்டாண்டும் போகாது. ஓட்டெடுப்பு பதினோரு மணிக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து சபை நடக்கிற தூரம்தான்.

காலையில் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டு வாசலில் மகள் மறித்துக்கொண்டாள்.

"அம்மா, நேத்துதான் மாமாவை ஐசியூலேருந்து வெளியில கொண்டுவந்தாங்க. அதிர்ச்சி கூடாதாம், கோபம் கூடாதாம். நீ சண்டை போடணும்னா என்கூடப் போடு, நான் வெளியில பெஞ்சுலதான் இருக்கேன்."

"நான் ஏண்டி சண்டை போடப் போறேன்?"

"உன் மூஞ்சி சொல்லுது."

"என் மூஞ்சி பொறந்ததுலேருந்தே அப்படித்தான்" என்று அவளைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

டாக்டர் தலையணைகளை முதுகுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. ஒரு கையில் டிரிப்ஸ். ஆஸ்பத்திரி அங்கிக்கு மேலே, ஐயோ, இதை எப்படிச் சொல்ல, சபைக்குப் போட்டுக்கொண்டு வருகிற வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். டிரிப்ஸ் கையை நுழைக்க முடியாமல் அந்தப் பக்கம் வெறுமனே தோளில் தொங்கியது. பொத்தான் வரிசை மாறிக் கோணலாக ஏறியிருந்தது. தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். பையில் ரெண்டு பேனா. எதிரே சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். சபையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவளைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிப்போயிற்று. "எனக்குத் தெரியாது சம்பந்தியம்மா" என்றார் எடுத்த எடுப்பில். "நாளை மாத்துவாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. நம்ம பாப்பா மேல ஆணை. இன்னிக்குக் காலையில நர்ஸ் பேப்பர் குடுத்தப்பதான் பார்த்தேன். எங்க கொறடாவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன், இது என்னய்யா கேவலம்னு. சிரிக்கிறான். நர்ஸ் வந்து போனைப் பிடுங்கிட்டுப் போயிட்டா."

புழு செத்தது. அவளுக்கு மூச்சு வந்தது. "நான் ஒண்ணுமே சொல்லலையே, நீங்க எதுக்குச் சத்தியமெல்லாம் பண்றீங்க? படுங்க" என்றாள். கூசிப்போயிற்று அவளுக்கு, இந்த மனுஷனையா சந்தேகப்பட்டோம் என்று.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பத்தரை ஆகியிருந்தது. கைப்பைக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது, தலைவர்தான். இப்போது கேட்டுவிட வேண்டும். சம்பந்தி, என்னை விட்டுடுங்க. அவ்வளவுதான். நாலு வார்த்தைகூட இல்லை. டாக்ஸி ஸ்டாண்டையே எழுப்பிய தொண்டைக்கு இது ஒரு பெரிய விஷயமா?

வாயைத் திறந்தாள். "சட்டைப் பொத்தானை யார் இப்படிப் போட்டா?" என்றது வாய்.

"நானேதான். ஒத்தைக் கையில வேற எப்படிப் போட?"

"ஆஸ்பத்திரியில சட்டை எதுக்கு?"

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "இருபது வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கேன். அங்க உக்காந்து கையைத் தூக்கத்தான் குடுத்து வைக்கலை. இங்கயிருந்து பார்க்கும்போதாவது மரியாதையா இருக்கலாமேன்னு..." என்று இழுத்தார். பிறகு அவளை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். அவரும் ஒன்று சொல்ல வாயெடுக்கிறார். சொல்லிவிடுவார். இன்னும் ஒரு நொடியில், "போங்க சம்பந்தியம்மா, போய் ஓட்டுப் போடுங்க" என்று சொல்லிவிடுவார்.

"சம்பந்தியம்மா, நீங்க வேணும்னா..."

"பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கள்ல!" என்று ஒரு அதட்டுப் போட்டாள் அக்கா. வார்டே திரும்பிப் பார்த்தது. வெளியே பெஞ்சிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "இந்தப் பொத்தானைப் பார்த்தா எனக்குக் கண்ணை உறுத்துது" என்று சொல்லிக்கொண்டே எழுந்து, குனிந்து, ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றி வரிசை பிசகாமல் திரும்பப் போட்டாள். சட்டைக்கடியில் கட்டு வெள்ளையாகத் தெரிந்தது. அதன்மேல் கை படாமல் போட்டாள். நேரம் பிடித்தது. இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த எறும்பு ஒரு பக்கம் நடந்துவிட்டது.

கைப்பையைத் திறந்து போனை அணைத்தாள். "சத்தத்தை வைங்க, கேப்போம்" என்றாள்.

ரெண்டு பேருமாக உட்கார்ந்து பார்த்தார்கள். அவைத்தலைவர் எழுந்தார். மணி அடித்தார்கள். எதிர்க்கட்சி வரிசையில் அவளுடைய நாற்காலி காலியாக இருந்ததை கேமரா நாலு தரம் காட்டியது, பொறுக்கிப் பயல்! ஆதரவு ஐம்பது. எதிர்ப்பு நாற்பத்தொன்பது. மசோதா நிறைவேறியது. புதிய வரி இன்று நள்ளிரவிலிருந்து என்று எழுத்து ஓடியது.

டாக்டர் கைதட்டவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மூக்கோரமாக இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினார், அது டிரிப்ஸ் கை. அக்கா தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"நீங்க எங்கிட்ட ஒண்ணு கேக்கத்தானே வந்தீங்க?" என்றார்.

"ஆமா."

"ஏன் கேக்கலை?"

"கேட்டா குடுத்திருப்பீங்க."

"குடுத்திருப்பேன்" என்றார். "குடுத்துட்டு, சாகிற வரைக்கும் உங்களை மன்னிச்சிருக்க மாட்டேன்."

"அதுவும் தெரியும்" என்றாள் அக்கா. "பேசாம படுங்க. நெஞ்சைத் தைச்சு நாலு நாள் ஆகலை."

வெளியே வந்தபோது மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட் வரைக்கும் வந்தாள். "பின்பக்கமா ஒரு வாசல் இருக்கும்மா" என்றாள் மெதுவாக. "முன்னாடி அவங்க வந்துட்டாங்க."

"நான் என்ன திருடியா?" என்று கேட்டுவிட்டு அக்கா முன்பக்கமாகவே போனாள்.

சபை வாசலிலிருந்து நேராக இங்கே வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நாற்பது, ஐம்பது டிரைவர்கள். வண்டிகள் தெரு நெடுக நின்றன. ஆஸ்பத்திரி என்பதால் யாரும் கூச்சல் போடவில்லை. கூச்சல் போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். முன்னால் நின்றவன் ரிவர்ஸ். வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் முதல் வாரமே சுவரை இடித்ததால் வந்த பெயர். தேர்தலில் அவளுக்காக அவன் தேய்த்த செருப்புக்குக் கணக்கில்லை. வீட்டுக்காரர் கூட்டத்தின் ஓரத்தில் தன் வண்டியில் சாய்ந்துகொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கும் ஒரு வாக்குக் குடுத்தீங்களேக்கா" என்றான் ரிவர்ஸ். "அது என்னாச்சு?"

சொல்வதற்கு நல்ல பதில் ஒன்று தயாராகவே இருந்தது. ஆளும் கட்சி நாளை மாற்றி ஏமாற்றிவிட்டது, சபை வழக்கம் கையைக் கட்டிப்போட்டுவிட்டது, நான் என்ன செய்வேன்? பொய்கூட இல்லை. ஒரு குரல் எடுத்து அதைச் சொன்னால் இவர்கள் அப்படியே திரும்பி ஆளும் கட்சி ஆபீசுக்குப் போய்விடுவார்கள். அவள் மூச்சை இழுத்தாள்.

ஆனால் வந்தது அந்தக் குரல் இல்லை. பின்னால் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் வர வேண்டியிருந்தது.

"உங்களுக்குக் குடுத்த வாக்கை உடைச்சுட்டேன்டா. அவருக்குக் குடுத்ததைக் காப்பாத்திட்டேன். நாளை மாத்தினாங்க, ஏமாத்தினாங்க, எல்லாம் நிஜம்தான். ஆனா வழி ஒண்ணு இருந்துச்சு. என்னை விட்டுடுங்கன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவரே விட்டிருப்பார். ஓட்டுப் போட்டிருக்கலாம். விலையும் ஏறியிருக்காது. கேக்கத்தான் வந்தேன். பக்கத்துல உக்காந்திருந்தேன். கேக்கலை."

"ஏன்க்கா?"

"மனசு வரலை. அவ்வளவுதான். வேற காரணம் இல்ல."

ஒருவன் "அடப் போங்கக்கா" என்று முணுமுணுத்துவிட்டு நடையைக் கட்டினான். ரிவர்ஸ் மட்டும் நின்றான். "இதை நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்" என்றான். "நாங்க அவனுங்களைத் திட்டிட்டு நிம்மதியா போயிருப்போம்."

"உங்ககிட்டப் பொய் சொல்லிட்டு நான் எங்க போறது?"

"அடுத்த தடவை நான் உங்களுக்கு வேலை செய்யமாட்டேன்க்கா."

"செய்யாதேடா. நானே செய்யாதேன்னுதான் சொல்லுவேன்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் வண்டிக்குப் போனான். முன்னால் வேறொரு வண்டி நின்றதால் பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டியிருந்தது. எடுத்தான். எதையும் இடிக்கவில்லை. ஒவ்வொரு வண்டியாகக் கிளம்பித் தெரு காலியாயிற்று. ஒரு வண்டியிலிருந்தும் யாரும் "ஏறுங்கக்கா" என்று சொல்லவில்லை. அவள் அதே இடத்தில் நின்றாள். நாலு வருஷமாக எந்தச் சாலையில் நின்றாலும் ஏதாவது ஒரு வண்டி தானாக வந்து நிற்கும், அவள் கைகாட்டியதே கிடையாது.

கடைசியாக நின்றது வீட்டுக்காரர் வண்டி. அவர் வந்து கதவைத் திறந்துவிட்டார், பின்சீட்டுக் கதவை. ஏறினாள். அவர் முன்னால் உட்கார்ந்து மீட்டரைப் போட்டார்.

"மீட்டரா!" என்றாள்.

"சும்மா ஏத்திக்கிட்டுப் போனா ஸ்டாண்டுல என்னைச் சும்மா விடமாட்டானுங்க."

"சரி, போடுங்க. நியாயம்தான்."

வண்டி கிளம்பியது. அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வெயிலில் கறுத்த பிடரி, காலர் ஓரம் மட்டும் கொஞ்சம் வெளுப்பு. "என்மேல கோவமா?" என்று கேட்டாள்.

"கோவம்தான். ரொம்பக் கோவம். மாசம் எவ்வளவு கூட ஆகும்னு சபை வாசல்லேயே மனசுக்குள்ள போட்டுப் பார்த்துட்டேன்."

"அப்புறம் நேத்து ஏன் ஒரு வார்த்தை சொல்லலை? போய் ஓட்டுப் போடுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா போட்டிருப்பே" என்றார். கொஞ்ச தூரம் போனபிறகு, "அப்புறம் அந்த மனுஷன் மூஞ்சியில நீ எப்படி முழிப்பே?" என்றார்.

அவள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். தட்டைப் பிடுங்கியது ஞாபகம் வந்து மறுபடியும் ஒற்றிக்கொண்டாள். வெளியே பார்த்தாள். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முனையை வண்டி தாண்டிப் போயிற்று. ஏதோ ஞாபகத்தில் போகிறார் என்று நினைத்தாள். அடுத்த முனையும் போயிற்று. வண்டி ஊருக்கு வெளியே போகிற பெரிய சாலையில் ஏறியது.

"எங்கங்க போறீங்க? வீடு அந்தப் பக்கம்."

"சுத்துவழியா போறேன்."

"பெட்ரோல் விலை ஏறுற நாள்ல சுத்துவழியா? பைத்தியமா உங்களுக்கு?"

"ராத்திரி வரைக்கும் பழைய விலைதான்" என்றார் வீட்டுக்காரர். "பேசாம உக்காந்து அழு."